சேனல் 4-ன் ஒரு நாள்: இந்தக் கதம்பம் எதற்கு?

குளிர்க்காற்று:
பிரிட்டிஷ் டிவியில் எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று சேனல் 4. ஒரு வார நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள், எல்லாம் மறுஒளிபரப்பு. மதியம் 'கவுன்ட்டவுன்' என்ற எழுத்து–எண் விளையாட்டுப் போட்டி, அப்புறம் ஸ்பெயினில் வீடு தேடும் தம்பதிகள். 6 மணிக்கு 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன். 7 மணிக்குத் திடீரென்று முகம் இறுகி காஸா, உக்ரைன், நாடாளுமன்றம். 10 மணிக்கு மேல் சில நாட்கள் உடையே இல்லாமல் துணை தேடுகிறவர்கள்! செய்திக்கு ஒரு சேனல், மற்றதற்கு ஒன்று என்று பிரித்தால் என்ன? 2022-ல் அரசாங்கம் இதைத் தனியாருக்கு விற்கப் பார்த்தது, 2023 ஜனவரியில் கைவிட்டது. விற்றிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹாரோ மாமா:
தம்பி, விற்றிருந்தால் வாங்கியவன் முதலில் கை வைப்பது அந்த 7 மணிச் செய்தியில்தான். சேனல் 4 அரசின் சொத்து, ஆனால் மக்கள் கட்டும் டிவி லைசென்ஸ் பணம் பிபிசிக்குப் போகிறது. இவர்களுக்குப் பிழைப்பு விளம்பரத்தில். பங்குதாரர் கிடையாது, மிச்சம் வந்தால் நிகழ்ச்சிக்கே திரும்பும். 'பேக் ஆஃப்' கேக் போட்டி நடுவே வரும் விளம்பரக் காசுதான் செய்திக்கும் ஆவணப்படத்துக்கும் போகிறது. கேக் சுடுகிறவர்களைத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டால் செய்திக்கு யார் படியளப்பது?

புள்ளிவிவரப் பூனை:
கதம்பம் பின்னால் ஒட்டிக்கொண்ட பழக்கமும் இல்லை. முதல் நாளே அப்படித்தான். 1982 நவம்பர் 2, மாலை 4.45-க்கு 'கவுன்ட்டவுன்'. 7 மணிக்குச் செய்தி. பிறகு லிவர்பூலில் எடுத்த 'புரூக்சைட்' தொடர். 9 மணிக்கு, மனவளர்ச்சி குன்றிய ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் 'வால்டர்'. இயன் மெக்கெல்லன் நடித்தது. அது முடிந்த கையோடு எனிட் பிளைட்டன் சிறுவர் கதைகளைக் கிண்டலடிக்கும் நகைச்சுவை! தனியார் சேனலான ஐடிவி கவனிக்காத ரசனைகளைக் கவனிக்க வேண்டும், சோதனை முயற்சிகளுக்கு இடம் தர வேண்டும் என்று 1980 சட்டத்திலேயே எழுதி வைத்துத்தான் ஆரம்பித்தார்கள்.

குளிர்க்காற்று:
அன்று நாட்டில் மொத்தமே மூன்று சேனல், நான்காவது எல்லாவற்றையும் சுமந்தது. சரி. இன்று? பழைய அமெரிக்கத் தொடரை ஓட்டுவது யாரும் கவனிக்காத ரசனையா? 'பேக் ஆஃப்' பிபிசியில் பிறந்தது, 2017-ல் காசு கொடுத்துத் தூக்கி வந்தார்கள். செய்தி போடுவதும் தர்மம் இல்லை, ஒளிபரப்பு உரிமத்தின் நிபந்தனை. அதைத் தயாரிப்பதும் ஐடிஎன் என்ற வேறு நிறுவனம்.

அப்புறம் மாமா சொன்ன அந்தக் காசு. 2007-ல் 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீட்டில் ஷில்பா ஷெட்டியைச் சக போட்டியாளர்கள் இனவெறியோடு நடத்திய விதம் மறந்துவிட்டதா? ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காமுக்கு 44,000-க்கு மேல் புகார் போனது. விதியை மீறியது சேனல்தான் என்று தீர்ப்பும் வந்தது. செய்திக்குக் காசு வரும் வழி இதுதானா?

ஹாரோ மாமா:
அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது கறைதான். ஆனால் கறைக்கும் விற்பனைக்கும் என்ன சம்பந்தம்? விற்றால் அந்த மாதிரி நிகழ்ச்சி குறையுமா, கூடுமா?

சேப்பாக்கம் சத்தம்:
நடுவில் ஒரு நல்ல வார்த்தை. 2021 பிப்ரவரியில் இந்தியா–இங்கிலாந்து டெஸ்ட் தொடரை இலவசமாகக் காட்டியது இதே சேனல் 4. லண்டனில் விடியற்காலை இருட்டில் சேப்பாக்கம் மைதானம் பளிச்சென்று வந்தது. இங்கிலாந்து கேப்டன் ஜோ ரூட்டுக்கு 100-வது டெஸ்ட், 218 அடித்தார். 2005-க்குப் பிறகு இங்கிலாந்தின் டெஸ்ட் ஆட்டம் இலவச டிவியில் நேரலையாக வந்தது அப்போதுதான்.

குளிர்க்காற்று:
நாம் 227 ரன்னில் தோற்ற மேட்சைக் காட்டியதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமா?

யாழ்நிலா:
குளிர்க்காற்று அண்ணா, நான் வேறு இடத்தில் இருந்து பார்க்கிறேன். 2009-ல் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி எங்கட சனம் வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்றத்துக்கு எதிரே கிழமைக்கணக்காக நின்றது. கடந்து போனவர்களுக்குப் பெரும்பாலும் அது ரோட்டு மறியல், அவ்வளவுதான். அந்த ஆகஸ்டில், இலங்கையில் கண்ணும் கையும் கட்டியவர்களைச் சுடும் காணொளி வந்தது சேனல் 4-ன் 7 மணிச் செய்தியில். செய்திக்கென்று தனிச் சேனல் இருந்தால் அதைத் தேடிப்போய்ப் பார்த்திருப்பது நாங்களும் நாலு பத்திரிகைக்காரரும்தான். இங்கே, முன்னால் ஓடிய தொடர் முடிந்தும் ரிமோட்டைத் தொடாமல் இருந்தவரும் பார்த்தார். அதுவரை என்னோடு மழையைப் பற்றி மட்டும் கதைத்த ஆட்கள் வேலையிடத்தில் வந்து விசாரித்தது அதற்குப் பிறகுதான்.

குளிர்க்காற்று:
செய்தியை விடுங்கள் தங்கச்சி, பெரிய ஆவணப்படத்தை எப்போது போட்டார்கள்? 'இலங்கையின் கொலைக்களங்கள்' 2011 ஜூன் 14, இரவு 11.05-க்கு. ஊர் தூங்கிய பிறகு. நல்ல நேரமெல்லாம் கேக்குக்கு, மனசாட்சி நடுநிசிக்கு.

யாழ்நிலா:
நீங்கள் அதைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் நேரத்தைக் குறை சொல்ல மாட்டீர்கள். பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் போடக்கூடிய படமா அது? வெட்டி மெலிதாக்கி 9 மணிக்குப் போடுவதைவிட, மறைக்காமல் 11 மணிக்குப் போட்டது நல்லது. அதன் மேலும் ஆஃப்காமுக்குப் புகார் போனது. விதிமீறல் இல்லை என்று முடித்தார்கள். அதே ஆஃப்காம்தான், நீங்கள் சொன்ன ஷில்பா ஷெட்டி விஷயத்தில் சேனலைக் கண்டித்ததும்.

குளிர்க்காற்று:
அந்தப் படத்தின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் ரிமோட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் இப்போது எங்கே? இளையவர்கள் ஆப்பில் வேண்டியதை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். 2024-ல் இவர்களே தங்கள் இசைச் சேனல்களை மூடினார்கள். கதம்பத்தின் நூல் ஏற்கெனவே அறுந்துவிட்டது. செய்திக்கு இவ்வளவு நேரம் என்று சட்டத்தில் எழுதிவிட்டு விற்கட்டும், யாருக்கு நஷ்டம்?

ஹாரோ மாமா:
எழுதியதை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஐடிவி தனியார்தான், அதற்கும் செய்தி நிபந்தனை இருந்தது. 1967-ல் இருந்து ஓடிய 'நியூஸ் அட் டென்' செய்தியை 1999-ல் அந்த நேரத்தில் இருந்து தூக்கினார்கள். ஏன் தெரியுமா? ராத்திரிப் படம் நடுவில் நிற்காமல் ஓட வேண்டுமாம். அனுமதி கொடுத்தது, கண்காணிக்க வேண்டிய ஆணையமேதான்.