நெகட்டிவில் இருப்பதும் திரையில் தெரிந்ததும்: பழைய அறிவியல் புனைகதைப் படங்களின் மீட்டெடுப்பு அனுபவங்கள்

மீட்டெடுப்புக் கூடத்தில் பணிபுரியும் உறுப்பினர்

பழைய திரைப்படங்களை வீட்டுத் திரைக்கான உயர்தெளிவு வடிவத்துக்குக் கொண்டுவரும் பணியில், ஸ்கேன் செய்யப்பட்ட படத்திலிருந்து தூசியையும் கீறலையும் நீக்கும் பிரிவில் இருக்கிறேன். எல்லா வகைப் படங்களும் எங்கள் மேசைக்கு வருகின்றன என்றாலும், விண்வெளிப் படம் ஒன்று வந்துவிட்டால் வேலையின் போக்கே மாறிவிடும். கணினிக்கு விண்மீனும் தூசியும் ஒன்றுதான் என்பதே காரணம்.

தானியங்கித் துப்புரவு மென்பொருள் ஒரு பிரேமை, அதாவது ஃபிலிமின் தனிப் படச்சட்டம் ஒன்றை, அதற்கு முந்தைய பிரேமோடும் பிந்தைய பிரேமோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நடுப் பிரேமில் மட்டும் தென்பட்டு மற்ற இரண்டிலும் இல்லாத புள்ளியை அழுக்கு என்று முடிவுசெய்து, பக்கத்துப் பிரேம்களிலிருந்து எடுத்த துண்டைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. அறைக்குள்ளோ தெருவிலோ நடக்கும் காட்சிக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கேமரா நகர நகர விண்மீன்களும் இடம் மாறும் காட்சியில், ஒவ்வொரு விண்மீனும் ஒவ்வொரு பிரேமிலும் வேறோர் இடத்தில் இருப்பதால், அவை அழுக்குப் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. நாங்கள் கையாண்ட பழைய வண்ணப் படமொன்றில், இரவு முழுவதும் ஓடிய தானியங்கிச் சுற்றின் விளைவைக் காலையில் பார்த்தபோது, விண்கலம் கடந்துசெல்லும் வானத்தின் இடப்பாதி வெறும் கறுப்பாக இருந்தது. கலத்தின் மேற்புறத்தை ஒருவர் வெல்டிங் செய்யும் காட்சியில் தீப்பொறிகள் பாதி வழியிலேயே அறுந்து மறைந்தன. அந்த ரீலின் விண்வெளிக் காட்சிகள் அனைத்தையும் தானியங்கியிலிருந்து விலக்கி, கையால் செய்ய வேண்டியவை என ஒதுக்கினோம். நொடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் ஒன்றரை மணி நேரப் படத்தில் 1,29,600 பிரேம்கள் உண்டு என்பதை நினைத்தால், 'கையால்' என்பதன் பாரம் புரியும்.

வண்ணப் படங்களில் அகச்சிவப்புக் கதிரின் துணையும் எங்களுக்கு உண்டு. ஃபிலிமின் வண்ணச் சாயங்கள் அந்தக் கதிரை ஊடுருவ விடும், மேலே ஒட்டியிருக்கும் தூசி விடாது; ஆகவே தூசி எங்கெங்கே இருக்கிறது என்ற வரைபடம் தனியாகவே கிடைத்துவிடும். (கறுப்பு வெள்ளைப் படத்தில் பிம்பமே வெள்ளித் துகளால் ஆனது, அதுவும் கதிரை மறிக்கும் என்பதால் இந்த வழி அங்கே செல்லாது.) தந்திரக் காட்சிகளில் மட்டும் இதுவும் கைகொடுப்பதில்லை. விண்கல மாதிரியைத் தனியாகவும், வானத்தைத் தனியாகவும், நடிகரைத் தனியாகவும் படம்பிடித்து, ஃபிலிமை மறுபடியும் படம்பிடிக்கும் கருவியான ஆப்டிகல் பிரிண்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்த காலம் அது. அந்தச் சேர்ப்பு வேலையின்போது விழுந்த தூசி, பிம்பத்தோடு பிம்பமாகப் படம்பிடிக்கப்பட்டுச் சாயமாகவே மாறியிருக்கிறது. அகச்சிவப்புக் கதிருக்கு அது கண்ணில் படாது. எல்லா விண்மீன்களும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நகர்கின்றனவா, இந்த ஒரு புள்ளி மட்டும் அவற்றோடு சேராமல் நிற்கிறதா என்று முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

தூசியில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. கம்பியில்தான் சண்டை வரும். மாதிரிக் கலங்களைத் தொங்கவிட்ட மெல்லிய கம்பிகள், ஏறத்தாழ நாலாயிரம் புள்ளி அகலமுள்ள 4கே ஸ்கேனில் பளிச்சென்று தெரிகின்றன. அவற்றை அழிப்பது வரலாற்றை அழிப்பதாகும் என்பாரும், அழிக்காவிட்டால் காட்சியே கேலிக்கூத்தாகிவிடும் என்பாரும் எங்கள் கூடத்திலேயே இருக்கிறார்கள். 1953-இல் வெளிவந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படத்தை இவ்விரு தரப்புக்கும் நான் எடுத்துக்காட்டுவதுண்டு. அது மூன்று தனித்தனிக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளாக எடுக்கப்பட்ட டெக்னிகலர் படம். திரையரங்குப் பிரதிகள் சாயத்தை அச்சிடும் முறையில் தயாரானபோது, அந்த அச்சின் மென்மையிலும் அடர்த்தியிலும் கதையில் செவ்வாயிலிருந்து வந்து தாக்கும் கலங்களின் கம்பிகள் அமிழ்ந்துபோயின. பிற்காலத்தில் வேறு வகைப் பிரதிகளும் வெளிச்சம் கூட்டப்பட்ட வீடியோ வடிவங்களும் வந்த பிறகுதான் கம்பிகள் ஊரறிந்த செய்தியாயின. 2018-இல் மூல நெகட்டிவ்களிலிருந்து 4கே மீட்டெடுப்பு நடந்தபோது அந்தக் கம்பிகள் மீண்டும் மறைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கியிருக்கும் மூன்று நெகட்டிவ்களைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால் கிடைக்கும் கூர்மையை 1953-இன் எந்தத் திரையரங்கும் கண்டதில்லை. அந்தக் கூர்மையைப் பெற்றுக்கொண்டு, அதனால் வெளிப்பட்ட கம்பியையும் அப்படியே காட்டுவோம் என்பதை நேர்மை என்று நான் ஏற்கவில்லை. படத்தை எடுத்தவர்கள் பிரதியில் மறையும் என்று கணக்கிட்டே கம்பியைத் தொங்கவிட்டார்கள்.

மேலே சொன்ன எங்கள் வண்ணப் படத்தில் கையாண்ட அளவுகோலும் அதுவே. அதே காலத்துத் திரையரங்குப் பிரதி ஒன்று கிடைத்தது. ஐயத்துக்குரிய ஒவ்வொரு காட்சியையும் அதோடு வைத்துப் பார்த்தோம். பிரதியில் தெரியாத கம்பியை மங்கச் செய்தோம். பிரதியிலேயே தெளிவாகத் தெரிந்த கம்பி ஒன்று, தரையிறங்கும் காட்சியில், அப்படியே இருக்கிறது. தயாரிப்புத் தரப்பிலிருந்து அதையும் நீக்கச் சொன்னார்கள். எங்கள் தலைமைப் பொறுப்பாளர் இசையவில்லை.

வட்டுகளைச் சேகரிக்கும் உறுப்பினர்

மேலே சொல்லப்பட்ட அளவுகோலை ஏற்கிறேன். ஆயினும் இயக்குநரே முன்னின்று மாற்றும்போது அது பொருந்தாது. 'பிளேட் ரன்னர்' 1982-ஆம் ஆண்டுப் படம். அதன் 2007-ஆம் ஆண்டு இறுதி வடிவத்தில் பறக்கும் ஊர்தியைத் தூக்கிய கம்பிகள் நீக்கப்பட்டன, கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும் காட்சியில் சண்டைக் கலைஞரின் முகத்துக்கு மேல் நடிகையின் முகம் பொருத்தப்பட்டது. முந்தைய வடிவங்களும் சேர்ந்த தொகுப்பாகவே அது வெளிவந்ததால் எனக்கு மனக்குறை இல்லை. பழையதை மறைத்துவிட்டுப் புதியதை மட்டும் விற்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

என்னுடைய வழக்கு கிரெய்ன் பற்றியது. ஃபிலிமில் பிம்பம் உருவாவதே துகள்களால்தான். அந்தத் துகள்களின் அசைவே கிரெய்ன். அதை இரைச்சல் என்று கருதி மென்பொருளால் துடைத்தால், துகளோடு சேர்ந்து தோலின் நுண்துளையும் துணியின் இழையும் போய்விடுகின்றன. 1987-ஆம் ஆண்டின் 'பிரிடேட்டர்' படத்துக்கு 2010-இல் வந்த ப்ளூரே பதிப்பு இதற்காகவே பெயர் கெட்டது. அதை வாங்கிப் பார்த்த நாளில், காட்டுக்குள் வியர்த்து வழியும் வீரர்கள் எல்லோரும் மெழுகில் வார்த்தவர்களாகத் தெரிந்தார்கள். ஒருவரின் தாடையில் வழியும் சேற்றுக்கும் தோலுக்கும் இடையே எல்லையே இல்லை. முந்தைய பதிப்பின் வட்டைப் போட்டு அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். கிரெய்ன் கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் சேறு சேறாக இருந்தது.

புதிதாக வாங்குவோர் வட்டைக் குறைசொல்லும் முன் தொலைக்காட்சியின் அமைப்புகளையும் பார்த்துவிடுவது நல்லது. இரைச்சல் குறைப்பு, கூர்மைக் கூட்டல், அசைவைச் சீராக்கும் வசதி ஆகிய மூன்றும் பல கருவிகளில் பெட்டியைத் திறக்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கின்றன. நல்ல மீட்டெடுப்பையும் அவை கெடுத்துவிடும்.

'மெட்ரோபொலிஸ்' பற்றி இங்கு எவரும் எழுதாதது வியப்பளிக்கிறது. 1927-இல் பெர்லினில் திரையிட்ட பின் வெட்டிக் குறைக்கப்பட்ட அந்தப் படத்தின் ஏறத்தாழ முழு வடிவம், 2008-இல் புவெனோஸ் ஐரஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. பிரதியாகக் கண்டறியப்பட்டது. அது கீறல் விழுந்த 35 மி.மீ. பிரதியிலிருந்து சிறிதாக்கி எடுக்கப்பட்டது. ஆகவே பழைய கீறல்கள் அனைத்தும் பிம்பத்திலேயே பதிந்துவிட்டன, ஓரங்களும் வெட்டுப்பட்டிருந்தன. 2010-ஆம் ஆண்டு வடிவத்தில் சேர்ந்த ஏறக்குறைய 25 நிமிடக் காட்சிகள், மழை பெய்வதுபோன்ற கீறல் கோடுகளோடும் ஓரத்துக் கறுப்புப் பட்டையோடும் வருகின்றன. முதல் முறை பார்த்தபோது பளிங்கு போன்ற காட்சியிலிருந்து திடீரென்று அந்த மழைக்குள் நுழைவது உறுத்தியது. இப்போது அதை விரும்புகிறேன். எது காப்பாற்றப்பட்டிருந்தது, எது தொலைந்து கிடைத்தது என்பதை ஒவ்வொரு வெட்டிலும் படமே சொல்லிவிடுகிறது. கோடுகளை இன்னும் கடுமையாகத் துடைத்திருந்தால் முகங்களே கரைந்திருக்கும்.

முன்னாள் புரொஜெக்டர் இயக்குநரான உறுப்பினர்

நான் வண்ணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1950-களிலும் அதற்குப் பிறகும் அச்சான ஈஸ்ட்மன்கலர் பிரதிகளை ஆண்டுகள் கழித்து ஓட்டியவர்களுக்குத் தெரியும்: நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடும், மிஞ்சுவது இளஞ்சிவப்பு. வேற்றுக்கிரகமும் வெண்ணிற ஆய்வுக்கூடமும் கதாநாயகனின் முகமும் ஒரே ரோஜா நிறத்தில் இருக்கும். டப்பாவைத் திறந்ததும் காடி (வினிகர்) நாற்றம் மூக்கில் ஏறினால் ஃபிலிமின் அசிடேட் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ரீலைப் புரொஜெக்டரில் ஏற்ற மாட்டேன்.

இப்படி வெளிறிய பொருளிலிருந்து வண்ணத்தை மீட்பவர் எதை நம்பி நிறத்தை முடிவுசெய்கிறார் என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' வெளிவந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2018-இல், கணினித் திருத்தம் இல்லாமல் ஒளிவேதியியல் முறையில் மட்டுமே தயாரான 70 மி.மீ. பிரதிகள் திரையிடப்பட்டன, அதே ஆண்டில் 65 மி.மீ. மூல நெகட்டிவிலிருந்து எடுத்த 4கே வட்டும் வந்தது. இரண்டையும் பார்த்தேன். பிரதியில் விண்வெளி நிலையத்தின் வெள்ளைச் சுவர்கள் மஞ்சள் பூத்திருந்தன, வட்டில் குளிர்ந்த வெண்மை. ஒளிவேதியியல் என்பதனாலேயே பழைய பிரதி போல் இருக்கும் என்று நம்பிப் போனவர்கள் பலர் குழம்பினார்கள். வட்டின் வெண்மையே 1968-க்கு அருகில் இருப்பதாக நான் கருதுகிறேன். அந்தச் சுவர்கள் மருத்துவமனைச் சுவர் போல் உறைக்க வேண்டியவை.

'சோலாரிஸ்' படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டுப் படம் அது. பழைய டிவிடியில் வெறும் கறுப்பு வெள்ளையாக இருந்த சில காட்சிகள், பின்னர் வந்த ப்ளூரேயில் நீலச் சாயலோடு வருகின்றன. டிவிடியைப் பல முறை பார்த்துப் பழகிய நண்பர் ஒருவர் புதிய வட்டில் ஏதோ கோளாறு என்று திருப்பித்தரக் கிளம்பினார். உண்மையில் அந்த நீலம் டிவிடியில்தான் விடுபட்டிருந்தது.

ஒலிக்கும் இதே கதைதான். ஆறு திசைகளிலிருந்தும் ஒலிக்கும்படி புதிதாகக் கலக்கிய தடத்தை மட்டும் கொடுத்து, ஒரே தடத்தில் பதிவான மூல மோனோ ஒலியை விட்டுவிடும் பதிப்புகளை நான் வாங்குவதில்லை. 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' வட்டில் இரண்டும் உள்ளன. செவ்வாய்க் கலங்களின் கதிர் பாயும் காட்சியை மோனோவில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.