முனியப்பனுக்குப் படைக்கலாம், சம்பந்தி வீட்டு வைன் மட்டும் ஆகாதா?

அம்மாபேட்டை மாமியார்:
என் மகன் ஏற்காட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். கேக்கோடு சின்னச் சின்னக் கிளாஸில் வீட்டில் போட்ட திராட்சை வைன் வந்தது. சம்பந்தியம்மா குடித்தார், அவருடைய வயதான அம்மாவும் குடித்தார். என் மாமியார் அப்படியே எழுந்துவிட்டார். மலை இறங்கும் வரைக்கும், "பொம்பளைங்க குடிக்கிற வீட்டுல பையனைக் கொடுத்துட்டியே"ன்னு ஒரே புலம்பல்.

ஆனால் எங்கள் குலதெய்வம் முனியப்பன். கிடாவெட்டின்போது படையலில் சுருட்டையும் குவாட்டர் பாட்டிலையும் தன் கையால் வைப்பது இதே அத்தைதான். பூசை முடிந்ததும் ஆம்பளைகள் அதைப் பங்கு போட்டுக் குடிப்பார்கள், அத்தை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். மருமகள் மனம் நோகக் கூடாது, அத்தையையும் விட்டுக்கொடுக்க முடியாது. அவரவர் சாமி வழியாகத்தான் இந்தப் பார்வை வருகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காபித்தோட்டத்து அண்ணன்:
அம்மா, நானும் ஏற்காட்டுக் கத்தோலிக்கன்தான். எங்களுக்குத் திராட்சை இரசம் பீடத்திலேயே இருக்கிறது. திருப்பலிக்குத் திராட்சையிலிருந்து புளிக்கவைத்த இரசம்தான் வேண்டும், குருவானவர் அதில் துளி தண்ணீர் கலப்பார். இயேசு செய்த முதல் புதுமையே கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீரை இரசமாக்கியதுதான். அதனால் ஒரு வாய் குடிப்பதை நாங்கள் பாவமாக நினைப்பதில்லை. குடிவெறிதான் பாவம். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

ஆனால் எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படி இல்லை. பெந்தகொஸ்தே சபைக்குப் போன என் தங்கை வீட்டில் வைன் என்ற பேச்சே கிடையாது, திருவிருந்துக்கும் புளிக்காத சாறுதான். என் மச்சான் டாஸ்மாக்கை விட்டது அந்தச் சபையால்தான். அந்தக் கண்டிப்பை நான் குறை சொல்லமாட்டேன்.

கோட்டைப் பகுதிக்காரர்:
எங்களுக்கு முழுத்தடை. ஆனால் அது ஒரே நாளில் வந்ததில்லை. குர்ஆனில் முதலில் அதன் கேடு பயனைவிடப் பெரிது என்று வந்தது. அடுத்து, போதையோடு தொழுகைக்கு நெருங்காதீர்கள் என்று. கடைசியில்தான் அடியோடு விலகச் சொன்னது. பழகிப்போன மனிதர்களைப் படிப்படியாகக் கூட்டிப் போயிருக்கிறது. உங்கள் அத்தைக்கும் கொஞ்சம் காலம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:
தங்கச்சி, உங்கள் அத்தையின் கோபம் சாமியைப் பற்றியது மாதிரி எனக்குத் தெரியவில்லை. பெண் குடித்ததுதான் அவருக்கு உறுத்துகிறது. ஆனால் பக்கத்துத் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானைப் பற்றி ஔவை பாடியதைப் பாருங்கள். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான் என்கிறார். பாடியவர் பெண். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. புத்தரின் ஐந்து சீலங்களில் ஒன்று மது தொடாமை. சமணமும் விலக்கியது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே வைத்தார்.

நம் சேலத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இந்த மாவட்டத்தில்தான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பின்னாளில் கடவுள் மறுப்பையே பேசிய பெரியாரும், காங்கிரஸில் இருந்தபோது கள்ளுக்கு எதிராகத் தாதம்பட்டியில் தன் தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர். ஆகவே எல்லாவற்றையும் மதத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. சாராயத்தால் அழிந்த குடும்பங்களைப் பார்த்த பயமும் அத்தை தலைமுறையிடம் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. நம் ஊரில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்ட சிலை புத்தர்தான் என்று 2022இல் உயர் நீதிமன்றமே சொன்னது. இந்த மண்ணில் சாமிகளும் அவற்றின் விதிகளும் இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

அம்மாபேட்டை மாமியார்:
நன்றிங்க அண்ணா. ஔவை பாட்டை அத்தைக்குச் சொல்கிறேன், பழைய பாட்டென்றால் காது கொடுப்பார். அடுத்த கிடாவெட்டுக்குச் சம்பந்தி வீட்டாரை அழைக்கலாமா? படையல் சோறு சாப்பிடுவார்களா?

காபித்தோட்டத்து அண்ணன்:
தாராளமாக அழையுங்கள். படைத்ததைச் சாப்பிடுவது வீட்டுக்கு வீடு மாறும். படையல் போடுவதற்கு முன்பே அவர்களுக்குக் கறிச்சோறு தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், யாருக்கும் சங்கடம் இருக்காது.