சனிக்கிழமை ஆபீஸ்காரங்களோட மலையில் ஸ்னோமொபைல்: அவசரமா யாராவது சொல்லுங்க

பர்கூர் தம்பி:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். கனடா வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வர்ற சனிக்கிழமை ஆபீஸ்ல ஆறேழு பேர் மலைக்கு ஸ்னோமொபைல் (பனி மேல ஓடற வண்டி) ஓட்டப் போறாங்க, என்னையும் சேர்த்துட்டாங்க. வண்டி வாடகைக்குப் பணம் கட்டியாச்சு, திரும்பக் கிடைக்காதாம். ஊர்ல அஞ்செட்டி மலை ரோடு எல்லாம் பைக்ல போய்ப் பழக்கம். இன்னைக்கு ஒருத்தர் "பீக்கன் வச்சிருக்கியா?"ன்னு கேட்டார். அது என்னன்னே தெரியல. கூட்டமா ஓட்டும்போது ஏதாவது முறை இருக்கா? என்ன துணி வாங்கணும்? பயமா இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

அரூர் அக்கா:
தம்பி, முதல்ல துணி. ஊர்ல இருந்து கொண்டுவந்த பருத்தி பனியன், ஜீன்ஸ் எதுவும் உள்ள போடக் கூடாது. பனியில சிக்கின வண்டியை இழுத்தாலே வேர்த்துக் கொட்டும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், நின்ன உடனே உடம்பு விறைக்கும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி இல்லன்னா பாலியெஸ்டர், அதுக்கு மேல ஃப்ளீஸ், வெளியில காத்தும் தண்ணியும் புகாத பேன்ட், ஜாக்கெட். கையுறை 2 ஜோடி, கண்ணுக்குப் போடற பனிக் கண்ணாடி 2. ஒண்ணு நனைஞ்சா மாத்த இன்னொண்ணு வேணும். பூட்ஸை இறுக்கமா வாங்காதீங்க, விரல் அசையலன்னா ரத்தம் ஓடாது. நாங்க வந்த புதுசுல இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஜனவரியில பஸ் ஸ்டாப்ல நின்னு அழுத கதையெல்லாம் இருக்கு, இங்க வேண்டாம்.

ஓசூர் மெக்கானிக்:
பைக் பழக்கத்தை அப்படியே நம்பாதீங்க தம்பி. இதுல கியர் கிடையாது, பெல்ட் டிரைவ். ஆக்சிலரேட்டர் வலது கட்டைவிரல்ல, பிரேக் இடது கையில. பயந்து ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சா கட்டைவிரலும் சேர்ந்து அமுங்கும், வண்டி பாயும். புதுசா ஓட்டறவங்க இப்படியும் மரத்துல மோதறாங்க. அதனால டெதர் கயிறை ஜாக்கெட்ல மாட்டாம ஸ்டார்ட் பண்ணாதீங்க. நீங்க கீழ விழுந்தா அது பிடுங்கிக்கிட்டு வந்து இன்ஜினை நிறுத்தும்.

பனியில புதைஞ்சா ஆக்சிலரேட்டரை உடனே விடுங்க. மேல மேல கொடுத்தா டிராக் (வண்டிக்கு அடியில சுத்தற பட்டை) தனக்குத்தானே குழி தோண்டும், பெல்ட்டும் சூடாகி அறுந்துடும். இறங்கி, டிராக்குக்கு முன்னால இருக்கிற பனியை வெட்டி எடுத்து, மிதிச்சுக் கெட்டியாக்கி, முன்னால இருக்கிற சறுக்குப் பலகையை (ஸ்கீ) சரிவு இறங்கற பக்கமா இழுத்துத் திருப்பி, அப்புறம் மெதுவா எடுங்க. 200 கிலோவுக்கு மேல எடை, தனியா தூக்க வேண்டாம், இடுப்பு போயிடும். குரூப்புக்கு ஒரு இழுவைக் கயிறு, ஸ்பேர் பெல்ட், ஸ்பார்க் பிளக் இருக்கணும். பெட்ரோல்ல மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு.

தேன்கனிக்கோட்டை:
எல்லாம் சரி, தம்பி எந்த ஊர்னே சொல்லலையே. ஒன்டாரியோவுல சமவெளி டிரெயிலா (ஸ்னோமொபைலுக்குன்னு போட்ட பாதை), பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா) மலையா? ரெண்டும் வேற வேற விளையாட்டு. டிரெயில்ல மோதல், ஏரி ஐஸ் உடையறது, இருட்டு, இதுதான் ஆபத்து. மலையில பனிச்சரிவு, அதாவது மேல இருக்கிற பனி உடைஞ்சு மொத்தமா கீழ இறங்கறது. எங்க இருக்கீங்க, எங்க போறீங்க, குரூப்ல யாராவது பனிச்சரிவு பயிற்சி எடுத்திருக்காங்களா?

ஊத்தங்கரைக்காரன்:
டிரெயில்தான்னா இதெல்லாம் எதுக்கு? வலது பக்கமா போ, லீடரை முந்தாதே, அவ்வளவுதான். பையனைப் பயமுறுத்தாதீங்க. ஏரி மேல போனா மட்டும் ஐஸ் கனம் 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

பர்கூர் தம்பி:
மன்னிக்கணும். நான் ஆல்பர்ட்டாவுல கால்கரியில இருக்கேன். பி.சி.யில ரெவல்ஸ்டோக் பக்கம், பௌல்டர் மலைன்னு சொன்னாங்க. டிரெயில்ல ஏறி மேல போய் ஓட்டுவாங்களாம். பயிற்சி பத்தித் தெரியல. என் ரூம்மேட் "ஏர்பேக் வச்ச பை வாங்கிட்டா போதும்"ங்கறார்.

தேன்கனிக்கோட்டை:
அப்படின்னா ஊத்தங்கரைக்காரர் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. டிரெயிலே சில இடத்துல பனிச்சரிவுப் பாதைக்குக் கீழதான் போகும், மேல ஏறினா கேட்கவே வேண்டாம். அதே பௌல்டர் மலையில 2010 மார்ச் 13ல சுமார் 200 பேர் சரிவு அடிவாரத்துல கூடி வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மேல ஓட்டினவங்களால பனி உடைஞ்சு இறங்கி 2 பேர் செத்தாங்க, நிறையப் பேருக்கு அடி.

பீக்கன்னா டிரான்ஸீவர், உடம்புல கட்டற சின்ன ரேடியோ கருவி. 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். நீங்க புதைஞ்சா மத்தவங்க தங்களோடதை 'தேடு'க்கு மாத்தி உங்களைக் கண்டுபிடிப்பாங்க. அதோட பனியைக் குத்தித் தேடற, மடக்கற ப்ரோப் கம்பி (3 மீட்டர் நல்லது), தோண்ட அலுமினியம் ஷவல். இந்த மூணும் ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும், குரூப்புக்கு ஒண்ணுன்னு இல்லை. ஷவலை வண்டியில கட்டாதீங்க, முதுகுப் பையில வைங்க. வண்டி புதைஞ்சா ஷவலும் சேர்ந்து புதையும். ஏர்பேக் உங்களை மேல மிதக்க வைக்க உதவும், ஆனா மரத்துல மோதறதைத் தடுக்காது, அடுத்தவரைத் தேடியும் தராது. மூணுக்கு அப்புறம்தான் அது.

பனிக்குள்ள புதைஞ்சவருக்கு முதல் 10, 15 நிமிஷம்தான். அதுக்குள்ள ஹெலிகாப்டர் வராது. உங்களைத் தோண்டி எடுக்கப் போறது கூட வந்த ஆபீஸ்காரங்கதான், அவங்களை எடுக்கப் போறது நீங்கதான். கருவி இல்லாத, பழகாத ஒருத்தர் கூட வந்தா மொத்தக் குரூப்புக்கும் ஆபத்து.

பென்னாகரம் அண்ணன்:
போகவே போகாதே தம்பி. பணம் போனா போகுது.

அரூர் அக்கா:
பணம் போனா போகுதுன்னு சொல்றது சுலபம். வாடகை, குளிர்கால டயர், ரூம் அட்வான்ஸ்னு வந்த புதுசுல எல்லாம் ஒரே நேரத்துல கழுத்தைப் பிடிக்கும். ஆபீஸ்ல வரலன்னு சொன்னா ஒதுங்கி இருக்கான்னு பேசுவாங்க.

பென்னாகரம் அண்ணன்:
அதைத்தான் சொல்றேன்! நானும் வந்த புதுசுல எல்லாத்துக்கும் தலையாட்டினவன்தான். யாரும் நம்ம கஷ்டத்தைக் கேட்கறதில்லை. வீட்டு ஓனர் ஹீட்டர் சரி பண்ண மூணு வாரம் ஆக்கினார்.

ஊத்தங்கரைக்காரன்:
ஹீட்டர் பத்திப் பேசினா ராத்திரி முழுக்கப் பேசலாம். எங்க பில்டிங்ல லிஃப்ட்டும் ஓடறதில்லை. ஊர்ல இப்போ மாங்காய் பூ விட்டிருக்கும், இங்க ஜன்னலைத் திறக்க முடியல.

காவேரிப்பட்டினம் டீச்சர்:
தம்பி கேட்டதுக்கு வருவோம். நான் இப்போ ஊருக்குத் திரும்பிட்டேன், ஆனா பி.சி. மலையில குளிர்காலமெல்லாம் ஓட்டினவள். கூட்டமா ஓட்டற முறையைச் சொல்றேன், இதைத்தான் யாரும் எழுதல.

வழி தெரிஞ்சவர் முன்னால, அனுபவமுள்ள இன்னொருத்தர் கடைசியில. புதுசா வர்றவர் லீடருக்கு அடுத்தது. நடுவுல போடணும்னு சிலர் சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். லீடருக்குப் பின்னால இருந்தா வேகம் உங்களுக்கு ஏத்த மாதிரி இருக்கும், நீங்க தடுமாறினாலும் அவர் திரும்பினா தெரியும். ஒவ்வொருத்தரும் தனக்குப் பின்னால வர்றவருக்குப் பொறுப்பு. பாதை பிரியற இடம் வந்தா நின்னு, பின்னால இருக்கிறவர் கண்ணுல படற வரைக்கும் நகரக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாத்தினா ஆள் தொலையாது.

தொப்பூர் கணவாய் இறக்கத்துல முன்னால போற லாரியை ஒட்டாம போவோமே, அப்படி இடைவெளி விடுங்க. முன்வண்டி கிளப்பற பனிப்புழுதியில எதுவுமே தெரியாது. தெரியலன்னா வேகத்தைக் குறைங்க, வலது ஓரம் பிடிங்க. வளைவுலயும் மேட்டுக்கு அந்தப் பக்கமும் நிறுத்தாதீங்க.

சைகை எல்லாம் இடது கையிலதான், ஏன்னா வலது கட்டைவிரல் ஆக்சிலரேட்டர்ல இருக்கும். கையை நேரா மேல தூக்கினா நில்லு. நேரா பக்கவாட்டுல நீட்டினா இடது திருப்பம், முழங்கையை மடக்கி மேல காட்டினா வலது. எதிர்ல வர்றவங்களுக்குக் கட்டைவிரலைப் பின்னால காட்டினா இன்னும் வண்டி வருதுன்னு அர்த்தம், மூடின முஷ்டியைத் தூக்கினா நான்தான் கடைசி. சில இடத்துல எத்தனை வண்டின்னு விரல்ல எண்ணிக்கை காட்டுவாங்க. அந்த எண்ணிக்கையை நம்பி வழி காலின்னு நினைக்காதீங்க, பின்னால வேற குரூப் வரலாம். வளைவுல ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கட்டும், சைகை அப்புறம்.

மேல போனதும் விதி மாறும். 30 டிகிரிக்கு மேல சரிவா இருந்தா ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும். மத்தவங்க பனிச்சரிவு ஓடி வந்து நிக்கிற இடத்துக்கு வெளியில, பக்கத்துப் பக்கத்துல ஒட்டாம, வண்டி மூக்கு வெளியேறற பக்கம் பார்க்க நிறுத்தி, மேல போறவரையே பார்த்துக்கிட்டு இருக்கணும். ஒருத்தரோட வண்டி சரிவு மேல பனியில சிக்கி நின்னா உதவிக்கு இன்னொருத்தர் ஏறக் கூடாது. ரெண்டாவது வண்டியோட எடையும் அதிர்வும் சேர்ந்துதான் நிறைய சரிவு உடையுது. அவரே வெட்டி எடுத்து வரட்டும். 2008 டிசம்பர் 28ல பி.சி.யில ஃபெர்னி பக்கம் ஹார்வி பாஸ்ல 11 பேர். முதல் பனிச்சரிவுல 7 பேர் புதைஞ்சாங்க, மத்த 4 பேர் தோண்டிக்கிட்டு இருக்கும்போதே அடுத்த பனிச்சரிவு வந்தது. மொத்தம் 8 பேர் போயிட்டாங்க. அவங்க கருவி இல்லாத ஆட்களும் இல்லை. எங்க நிக்கறோம்ங்கறதுதான் முதல் பாதுகாப்பு.

ஓசூர் மெக்கானிக்:
டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. ஒண்ணு சேர்க்கறேன். கிளம்பற இடத்துல பீக்கன் செக் பண்ணாம நகராதீங்க. ஒருத்தர் 'தேடு'ல வச்சு நிப்பார், மத்தவங்க இடைவெளி விட்டு ஒவ்வொருத்தரா கடந்து போகணும். கடைசியா அவரோடது 'அனுப்பு'க்கு மாறிடுச்சான்னு இன்னொருத்தர் பார்க்கணும், இங்கதான் மறந்துடுவாங்க. பேட்டரி கம்பெனி சொன்ன வகைதான் போடணும், பாதிக்குக் கீழ இறங்கினதோட போகாதீங்க.

மத்தூர் நர்ஸ்:
பணத்துல ஒரு ஓட்டை இருக்கு, யாரும் சொல்லல. தம்பி ஆல்பர்ட்டா ஹெல்த் கார்டு வாங்கியாச்சா? வாங்கியிருந்தாலும் மாகாணத்துக்கு வெளியில ஆம்புலன்ஸ் செலவை அது தராது. பி.சி.யில மீட்புக் குழு தேடறதுக்குக் காசு வாங்க மாட்டாங்க, ஆனா ஆம்புலன்ஸ் பில் வெளி மாகாணத்துக்காரங்களுக்குப் பெருசா வரும். ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல அது இருக்கான்னும், மோட்டார் விளையாட்டை விலக்கியிருக்கான்னும் வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டு எழுத்துல வாங்குங்க. வண்டி வாடகை பேப்பர்ல டேமேஜுக்கு நீங்க எவ்வளவு வரைக்கும் கட்டணும்னு பாருங்க.

இன்னொண்ணு, கால்கரியில குளிர்கால டயர் கட்டாயம் இல்லை. பி.சி. மலைச் சாலைகள்ல அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கட்டாயம். யார் கார்ல போறீங்களோ அந்த டயரைப் பாருங்க. குடிச்சுட்டு ஸ்னோமொபைல் ஓட்டினா கார் ஓட்டின அதே குற்ற வழக்குதான். மதியச் சாப்பாட்டுல யாராவது பாட்டிலைத் திறந்தா அவங்களுக்குப் பின்னால நீங்க ஓட்டாதீங்க.

பர்கூர் தம்பி:
லீடர்கிட்ட கேட்டேன். அவரும் இன்னொருத்தரும் பயிற்சி எடுத்தவங்களாம். அவலாஞ்ச் கனடாங்கற அமைப்பு போடற பனிச்சரிவு ஆபத்து அறிக்கை பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாம். வாடகைக் கடையிலேயே பீக்கன், ப்ரோப், ஷவல் மூணும் கிடைக்குதாம். அறிக்கையில எந்த எண் வந்தா நான் வரலன்னு சொல்லணும்?

தேன்கனிக்கோட்டை:
ஆபத்துக்கு 5 படி இருக்கு, எண் ஏற ஏற ஆபத்து அதிகம். மலைமுகட்டுப் பகுதி, மரம் முடியற பகுதி, மரக்காடுன்னு மூணு உயரத்துக்கும் தனித்தனியா போடுவாங்க. 4, 5 வந்தா சரிவான இடத்துக்கே போக வேண்டாம். 3ஐப் பார்த்து நடுத்தரம்னு ஏமாறாதீங்க. மனுஷன் போனா உடைய வாய்ப்பு அதிகம்னுதான் 3க்கு அர்த்தம். உங்களை மாதிரிப் புதுசா வர்றவர் அன்னைக்கு மேல ஏறாம, சரிவு இல்லாத இடத்துல பழகலாம். அதுக்கு லீடர் சம்மதிக்கலன்னா காரணத்தைச் சொல்லி நின்னுடுங்க. சீசன் முடியறதுக்குள்ள 2 நாள் ஏஎஸ்டி 1ங்கற முதல்நிலைப் பனிச்சரிவு பயிற்சியில சேருங்க.

பர்கூர் தம்பி:
கடைசியா ஒண்ணு. பீக்கனை ஜாக்கெட் மேல மாட்டணுமா, உள்ளயா? போன் எந்தப் பாக்கெட்ல?

காவேரிப்பட்டினம் டீச்சர்:
உள்ள, கம்பளிக்கு மேல, பட்டையோட உடம்புல கட்டணும், ஸ்கிரீன் உடம்புப் பக்கம் இருக்கட்டும். ஜாக்கெட் பனியில கழண்டுபோனாலும் பீக்கன் உங்களோடயே இருக்கும். போன், ரேடியோ, சூடு கொடுக்கற கையுறை எதுவும் அதுக்கு 20 செ.மீ. கிட்ட வரக் கூடாது. தேடும்போது 50 செ.மீ., அப்போ வண்டி இன்ஜின்களையும் அணைச்சிடணும். போனைப் பேன்ட் பாக்கெட்ல வைங்க, பீக்கன் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடையில வாங்கி, பக்கத்துப் பூங்காவுல ரூம்மேட்டை இன்னொரு பீக்கனை 'அனுப்பு'ல வச்சுப் பனிக்குள்ள ஒளிச்சு வைக்கச் சொல்லி, அம்புக்குறியைப் பின்பற்றி, 3 மீட்டருக்குள்ள வந்ததும் பீக்கனைப் பனியை ஒட்டிப் பிடிச்சுக் குறைஞ்ச எண் வர்ற இடத்தைத் தேடிப் பழகுங்க. அங்கிருந்து ப்ரோப்பை 25 செ.மீ. இடைவெளியில சுத்திச் சுத்திக் குத்துங்க. பட்டதும் ப்ரோப்பை உருவாதீங்க, அப்படியே விட்டுட்டு, இறக்கப் பக்கமா கொஞ்சம் தள்ளி நின்னு தோண்டுங்க.