மழைக் கணக்கு: குடும்பக் குழு

கவிதா: நேற்று ராத்திரி இங்கே மழை 3.

அருண்: எங்கள் மாடியில் 18, அத்தை! நல்ல மழை.

ராமநாதன்: 3 என்ன, 18 என்ன? அலகையும் சேர்த்துப் போடுங்கள்.

கவிதா: எனக்கு செ.மீ., அண்ணா.

அருண்: எனக்கு மி.மீ., பெரியப்பா.

ராமநாதன்: அப்படியென்றால் கவிதா வீட்டில் 30 மி.மீ. அங்கேதான் அதிகம். இனிமேல் எல்லாரும் மி.மீ. என்றே வைத்துக்கொள்வோமா?

கவிதா: செ.மீ. கைக்குப் பழகிவிட்டதே.

மீனா: அம்மா, என் மழைமானிக்குள் இருக்கும் குட்டி வாளி நிரம்பி ஒருதடவை கவிழ்ந்தால் 0.2 மி.மீ. மழை. அதையே செ.மீ.யில் எழுதினால் 0.02. ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் மழை பத்து மடங்காகிவிடும்.

ராமநாதன்: இன்னொன்றும் உண்டு. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மாடியில் 30 மி.மீ. பெய்தால் 3,000 லிட்டர். தொட்டிக்கு எவ்வளவு வரும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

கவிதா: சரி, இது எனக்கு உபயோகப்படும். மி.மீ.யே இருக்கட்டும்.

அருண்: காற்று? என் கருவி மீட்டர்/வினாடி காட்டுகிறது.

மீனா: கப்பல், விமானத்துக்கெல்லாம் நாட். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.

ராமநாதன்: நாட் நமக்கு வேண்டாம். 12 மீட்டர்/வினாடி என்றால் என் அம்மாவுக்குப் பிடிபடாது. மணிக்கு 43 கி.மீ. என்றால் உடனே ஜன்னலைச் சாத்தச் சொல்வார். கி.மீ./மணி போடு. கருவியில் மாற்ற முடியவில்லை என்றால் 3.6-ஆல் பெருக்கிக்கொள்.

அருண்: சரி பெரியப்பா. வெப்பநிலை செல்சியஸ்தானே?

ராமநாதன்: அதில் என்ன சந்தேகம்!

மீனா: காற்றழுத்த அலகுகளில் மில்லிபாரும் ஹெக்டோபாஸ்கலும் ஒரே எண்தான். ஹெக்டோபாஸ்கல் என்றே எழுதுவோம். பாதரச மி.மீ. மட்டும் யாரும் போடாதீர்கள், மழை மி.மீ.யோடு குழம்பும்.

கவிதா: என் கருவி எப்போதும் 950 பக்கமே காட்டுகிறதே, மீனா?

மீனா: உங்கள் ஊர் மேட்டில் இருக்கிறதே அம்மா, அதனால்தான். கடல்மட்டத்துக்குச் சரிசெய்த எண்ணைப் போடுங்கள், அப்போதுதான் எங்கள் எண்ணோடு ஒப்பிட முடியும்.

ராமநாதன்: அப்புறம், மழை இல்லை என்றால் 0 என்று எழுதுங்கள். அளக்கவே இல்லை என்றால் 'அளக்கவில்லை' என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

அருண்: பழைய பதிவுகளை நான் மி.மீ.க்கு மாற்றி வைக்கிறேன். அத்தை, போன மாதம் ஓரிடத்தில் வெறும் 4.5 என்று இருக்கிறது. செ.மீ.யா?

கவிதா: செ.மீ.தான். அன்றைக்குத் தொட்டி நிரம்பி வழிந்தது.

அருண்: அப்போ 45 மி.மீ. என்று போட்டுவிட்டேன்.