25,000 ரூபாய்க்குள் வீட்டு ஆம்ப்ளிஃபையரை மாற்றுவது: வாட்ஸைக் கூட்டினால் கரகரப்பு நீங்குமா?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். பாட்டு கேட்கும் ஹால் 12 அடிக்கு 14 அடி. தரை முழுவதும் டைல்ஸ், சுவர்கள் வெறும் கான்கிரீட். பல ஆண்டுகளாக என்னிடம் இருப்பது உள்ளூர்க் கடை ஒன்றில் அசெம்பிள் செய்து வாங்கிய ஆம்ப்ளிஃபையர். அதனுள் டி.டி.ஏ. 2030 ஐ.சி. இரண்டு உள்ள போர்டும் ஒரு சிறிய டிரான்ஸ்பார்மரும் இருக்கின்றன. முகப்பில் 100 வாட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஸ்பீக்கர்கள் 6 ஓம், 86 டெசிபெல் உணர்திறன், ஐந்தரை அங்குல வூஃபர் கொண்டவை, நல்ல நிலையில் உள்ளன. மடிக்கணினியிலிருந்து யு.எஸ்.பி. டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் சிறு கருவி) வழியாகக் கேட்கிறேன்.

பெரும்பாலும் கேட்பது கச்சேரிப் பதிவுகள், நாதஸ்வரம், எண்பதுகளின் திரைப்பாடல்கள். மெதுவாக வைத்துக் கேட்கும்போது குறை எதுவும் தெரிவதில்லை. சற்றே வால்யூமைக் கூட்டினால், நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போய், தவிலும் சேர்ந்து விழும் இடங்களில் ஒலி கரகரத்து, காதைக் குத்துகிறது. இரண்டு பாடல்களுக்கு இடையே மெல்லிய ஹம் சத்தமும் கேட்கிறது. 200 வாட்ஸுக்குக் குறையாமல் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். பழைய ஜப்பான் செட் ஒன்றைத் தேடிப் பிடி என்கிறார் நண்பர். என் வரம்பு 25,000 ரூபாய். எதைப் பார்த்து முடிவு செய்வது?

மின்மானி:

வணக்கம். கடைக்காரர் சொன்ன எண்ணைச் சற்று ஒதுக்கி வையுங்கள். உங்கள் ஹாலுக்கும் உங்கள் காதுக்கும் எத்தனை வாட்ஸ் தேவை என்பதை நீங்களே அளந்து தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் உங்களிடம் உள்ளதைப் பார்ப்போம். டி.டி.ஏ. 2030 ஐ.சி.யின் தகவல் தாளில் உற்பத்தியாளர் உறுதியளிப்பது, 14 வோல்ட் இரட்டை சப்ளையில், 0.5 சதவீத டிஸ்டார்ஷனுக்குள் (ஒலிச் சிதைவு), 4 ஓமில் 12 வாட்ஸும் 8 ஓமில் 8 வாட்ஸும் மட்டுமே. ஆகவே உங்கள் 6 ஓம் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 10 வாட்ஸ். முகப்பில் உள்ள 100 என்பது பி.எம்.பி.ஓ. வகைக் கணக்கு (கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண்), அதற்கும் நீங்கள் கேட்கும் ஒலிக்கும் தொடர்பில்லை.

இரண்டாவதாக, வாட்ஸ் இரு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரு மடங்கு உரத்ததாகத் தோன்றவேண்டுமானால் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 50 வாட்ஸுக்கும் 70 வாட்ஸுக்கும் இடையே விலையில் பெரிய வேறுபாடு இருக்கலாம். காதில் அது ஒன்றரை டெசிபெல்கூட இல்லை.

அளக்கும் முறை இது. நீங்கள் கேட்பதிலேயே மிக உரத்த பதிவைப் போட்டு, இதற்கு மேல் ஒருநாளும் வைக்க மாட்டேன் என்னும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபையரிலும் கணினியிலும் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாதீர்கள். அடாசிட்டி மென்பொருளில் 120 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை 0.25 ஆம்ப்ளிட்யூடில் (முழு அளவில் கால் பங்கு) உருவாக்கி ஒலிக்கச் செய்து, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் அளவிடுங்கள். வந்த எண்ணை நான்கால் பெருக்கினால், அதே வால்யூமில் பதிவின் உச்சத்துக்குத் தேவைப்படக்கூடிய வோல்ட்டேஜ் கிடைக்கும். அதன் வர்க்கத்தை 6 ஓமால் வகுத்தால் வாட்ஸ். தாழ்ந்த அலைவரிசையைச் சொல்வதற்குக் காரணம், விலை குறைந்த மல்டிமீட்டர்கள் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் சரியாகக் காட்டும். அளக்கும்போது மீட்டரின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷார்ட் ஆனால் ஐ.சி. போய்விடும்.

பழைய ரேடியோ:

நண்பருக்கு வணக்கம். நாற்பது ஆண்டுகளாகச் செட் பழுது பார்ப்பவன் என்ற முறையில், உங்கள் நண்பர் சொன்ன பழைய செட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நல்ல பழைய இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர் (ப்ரீ ஆம்ப்ளிஃபையரும் பவர் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் உள்ளது), அதே விலைக்குக் கிடைக்கும் புதியதைவிடப் பல நேரங்களில் கனமான டிரான்ஸ்பார்மரும் பெரிய ஹீட் சிங்கும் கொண்டது என்பது உண்மை. 1978இல் வந்த என்.ஏ.டி. 3020 அதிகாரபூர்வமாக ஒரு பக்கத்துக்கு 20 வாட்ஸ்தான். ஆயினும் கடினமான ஸ்பீக்கர்களையும் சமாளிக்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடிந்ததால், எளிய விலையில் நல்ல ஒலி என்றதும் உலகெங்கும் அதன் பெயரையே சொன்னார்கள். ஆனால் செட்டின் வயதை மறந்துவிடக் கூடாது.

வாங்கும் முன் பின்பக்கத்து லேபிளைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான செட் 100 வோல்ட், அமெரிக்கச் செட் 120 வோல்ட். நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் ஃபியூஸோடு போவது அதிர்ஷ்டம், டிரான்ஸ்பார்மரே கருகுவதும் உண்டு. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்தவை பெரும்பாலும் நம் மின்சாரத்துக்கு ஒத்துவரும். சிலவற்றில் பின்னால் வோல்ட்டேஜ் மாற்றும் சுவிட்சும் இருக்கும்.

பிறகு ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமைச் சுழியத்தில் வைத்து, செட்டைப் போட்டு, ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் உள் சுவிட்ச்) "டக்" என்று விழுந்த பின் ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. மில்லிவோல்ட்டை அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100ஐத் தாண்டினால் விலையைப் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. மெதுவாக வைக்கும்போது ஒரு பக்கம் மறைந்து, வால்யூமைக் கூட்டியதும் திரும்பி வந்தால், பெரும்பாலும் ரிலே காண்டாக்ட் கறுத்திருக்கிறது. அது சிறிய செலவு. வால்யூம் திருகும்போது வரும் கரகரப்பும் காண்டாக்ட் கிளீனரில் அடங்கும். அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றிய செட்டைத்தான் நான் பரிந்துரைப்பதில்லை: பழைய அசல் ரகங்கள் பல இன்று உற்பத்தியிலேயே இல்லை, அந்தப் பெயரில் சந்தையில் போலிகள் நிறைய உலவுகின்றன. அரை மணி நேரமாவது ஓடவிட்டு, சூடான பின் மறுபடியும் கேளுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

உங்கள் ஹம் பற்றி ஒரு கேள்வி: வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாலும் அது இருக்கிறதா? மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறதா?

காவிரிக்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அளந்து பார்த்தேன், என் உச்ச வால்யூமில் மீட்டர் 2.1 வோல்ட் காட்டியது. ஹம் சத்தம் வால்யூம் சுழியத்திலும் மாறாமல் இருக்கிறது; சார்ஜரைப் பிடுங்கினாலும் போகவில்லை.

மின்மானி:

2.1ஐ நான்கால் பெருக்கினால் 8.4 வோல்ட், அதன் வர்க்கம் 70.56, 6 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 12 வாட்ஸ். இருப்பதோ 10. ஆகவே நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து எழும் உச்சங்களில் அலையின் தலை வெட்டுப்படுகிறது. நீங்கள் கேட்கும் கரகரப்புக்கு அதுவே முதன்மையான காரணம். இந்தக் கிளிப்பிங் நீடித்தால் ட்வீட்டர் (மேல் ஸ்தாயி ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) கெடவும் கூடும் என்பதால், மாற்றம் உங்களுக்கு உண்மையிலேயே தேவை. ஹம் வால்யூமைச் சாராமல் இருப்பதால், குறை உங்கள் செட்டின் பவர் சப்ளையிலோ உள் வயரிங்கிலோ இருக்கிறது. புது ஆம்ப்ளிஃபையருக்கு அது கூடவே வராது.

இனித் தேவை எவ்வளவு? 12 வாட்ஸுக்கு மேல் நான்கு மடங்கு, அதாவது 6 டெசிபெல் இடம் விட்டுக்கொண்டால் 45 முதல் 50 வாட்ஸ். 200 வாட்ஸுக்குக் கொடுக்கும் பணத்தை, நேர்மையாக அளந்த 50 வாட்ஸுக்கும் அமைதியான சப்ளைக்கும் கொடுப்பதே சரி. நேர்மையான அளவு எப்படி எழுதப்படும் என்பதற்கு டெனான் பி.எம்.ஏ. 600 என்.இ.யைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும்போது, 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.07 சதவீத டிஸ்டார்ஷனில் 45 வாட்ஸ். ஓம், அலைவரிசை, டிஸ்டார்ஷன் ஆகிய மூன்றும் இல்லாத வாட்ஸ் எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால், சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்கள் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடி இயங்கும், சூடு குறைந்த வகை) உங்கள் வரம்புக்குள் தாராளமாக வரும். அவற்றில் பலவற்றினுள் இருக்கும் டி.பி.ஏ. 3255 சிப் உண்மையிலேயே நல்லது. ஆனால் பெட்டியில் போடும் "300 வாட்ஸ்", 4 ஓமில், 50 வோல்ட்டுக்கும் மேற்பட்ட சப்ளையில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் எட்டும் அளவு. அந்த நிலையில் அதை யாரும் இசை என்று கேட்க மாட்டார்கள். கூட வரும் அடாப்டரைப் பாருங்கள். 24 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 120 வாட்ஸ். வெளியே 300 வர வழியில்லை. அதே 24 வோல்ட்டில் உங்கள் 6 ஓமுக்குக் கணக்குப்படி 48 வாட்ஸ் வரை கிடைக்கலாம், நடைமுறையில் அதில் சற்றுக் குறையும். உங்கள் தேவைக்கு அது போதும். எச்சரிக்கை ஒன்று உண்டு: இவ்வகை செட்டுகளில் இரு பக்க நெகட்டிவ் முனைகளையும் ஒருபோதும் ஒன்றாக இணைக்கக் கூடாது.

மாடவிளாகம்:

வணக்கம். மின்மானி அவர்களின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் காதைக் குத்தும் ஒலியில் ஒரு பங்கு அந்த ஹாலுக்கும் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் மேல் ஸ்தாயி ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பும். ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். "டிர்ர்" என்று அதிர்வு நீண்டால், எந்த ஆம்ப்ளிஃபையரை வாங்கினாலும் அந்தக் கூர்மை ஓரளவு மிஞ்சும்.

ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையே உள்ள தரையில் கனமான விரிப்பு ஒன்றைப் போடுங்கள். பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டாலும் பலன் தெரியும். ஆனால் அது உச்ச ஒலியை மட்டுமே தணிக்கும், பாஸை ஒன்றும் செய்யாது. ஜன்னலுக்குத் தடித்த திரை, பக்கச் சுவரில் ஒழுங்கின்றி அடுக்கிய புத்தக அலமாரி, இவை போதும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னால் இழுத்து, ட்வீட்டர் காது உயரத்துக்கு வருமாறு வையுங்கள். 25,000 முழுவதையும் ஆம்ப்ளிஃபையரில் போடாமல், நான்கில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவீர்களானால் அந்தப் பணம் வீணாகாது.

காவிரிக்கரை:

கை தட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதிர்வு தெளிவாகவே கேட்கிறது. விரிப்பை முதலில் போட்டுப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: பின்னாளில் ஓர் இசைத்தட்டு பிளேயரும் சப் வூஃபரும் சேர்க்க ஆசை இருக்கிறது. அதற்காக இப்போதே ஆம்ப்ளிஃபையரில் எதைப் பார்க்கவேண்டும்? ஸ்பீக்கர் வயருக்குத் தனியாகச் செலவு செய்யவேண்டுமா?

பழைய ரேடியோ:

இசைத்தட்டின் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான், சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட். ஆகவே போனோ உள்ளீடு (இசைத்தட்டு பிளேயருக்கென்றே உள்ள முனை) இல்லாத செட்டில் பிளேயரை நேரடியாகச் செருகினால் மங்கலான, பாஸ் இல்லாத ஒலி வரும். ஆனால் போனோ பகுதியைத் தனிப்பெட்டியாகப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம் என்பதால், அது இல்லை என்பதற்காக நல்ல ஆம்ப்ளிஃபையரைத் தள்ளிவிடாதீர்கள். தள்ளக் கூடாதது ப்ரீ அவுட் முனை (பவர் பகுதிக்கு முந்தைய சிக்னலை வெளியே தருவது). அது இருந்தால் நாளை சப் வூஃபரையும், அதற்கு அடுத்து வேண்டுமானால் தனிப் பவர் ஆம்ப்ளிஃபையரையும் இணைத்து, இன்று வாங்கியதை விற்காமலே மேலே போகலாம். சப் வூஃபருக்கு மட்டும் என்றால் சப் அவுட் முனையே போதும்.

வயருக்கு எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் மல்டி ஸ்ட்ராண்ட் செம்புக் கம்பியே போதும்; நான்கு மீட்டர் ஓட்டத்துக்குப் போகவரச் சேர்த்து அதன் தடை 0.1 ஓம்தான். செட்டின் மேல் துணியோ புத்தகமோ வைக்காமல் மேற்புறம் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், திருச்சி வெயிலுக்கு அது அவசியம். பழைய செட்டைப் பார்க்கப் போகும்போது உங்கள் ஸ்பீக்கர்களையும் அந்த மல்டிமீட்டரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்குக் கரகரத்த அதே நாதஸ்வரப் பதிவை அங்கே போட்டுக் கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.