ஃபைல் நிறைய, கையில் காசு இல்லை: சின்ன லோயர் ஆபீஸைப் பெரிதாக்குவது எப்படி?

பட்டர்வொர்த்காரி

வணக்கம். பட்டர்வொர்த்தில் கடைவீட்டு மாடியில் சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கிறேன். நான், ஒரு லீகல் அசிஸ்டன்ட், இரண்டு கிராணி (கிளார்க்), அவ்வளவுதான். விவாகரத்து, உயில், இறந்தவர் சொத்துக்கு எல்.ஏ. (சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் தரும் பத்திரம்) எடுப்பது, வீடு வாங்கல் விற்றல், கொஞ்சம் ஆக்சிடென்ட் கேஸ் என்று எது வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன். ஃபைல் வைக்க இடமில்லாமல் பான்ட்ரியிலும் அலமாரி போட்டாயிற்று, ஆனால் இருபத்தைந்தாம் தேதி நெருங்கினால் சம்பளத்துக்கு என்ன செய்வது என்ற யோசனையிலேயே தூக்கம் போய்விடுகிறது. வரவேண்டிய ஃபீஸ் மட்டும் ஐம்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் நிற்கும். பாதி பேர் சொந்தக்காரர்கள், இல்லாவிட்டால் கோயில் கமிட்டி, அப்பாவுடைய பழைய எஸ்டேட் நண்பர்கள். வாய் திறந்து கேட்க முடியவில்லை.

என்னோடு சேம்பரிங் (லோயர் ஆகும் முன் எடுக்கும் பயிற்சி) செய்த தோழி கோலாலம்பூரில் தனியாக நடத்துகிறாள், இரண்டு பேங்க் பேனலில் (பேங்க் வேலை கொடுக்கும் லோயர் பட்டியலில்) இருக்கிறாள். சேர்ந்து பார்ட்னர்ஷிப் போடலாம், உன் ஆபீஸை பினாங்கு கிளையாக மாற்றலாம் என்கிறாள். பெரிதானால் இந்தக் கஷ்டம் தீருமா, அல்லது இரண்டு மடங்காகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி

தங்கச்சி, நேராகவே சொல்கிறேன், இரண்டு மடங்காகும். வேலை வராத ஆபீஸுக்குத்தான் பார்ட்னர் மருந்து. உங்களுக்கு வேலை வருகிறது, காசுதான் வரவில்லை, அதைச் சரி செய்யாமல் கோலாலம்பூரில் இன்னொரு வாடகை ஏற்றுவதில் அர்த்தமே இல்லை.

முதலில் ஃபைல்களை இரண்டாகப் பிரியுங்கள். விலை முன்கூட்டியே தெரிந்த வேலை ஒன்று, எங்கே முடியும் என்று தெரியாத வேலை இன்னொன்று. வீடு வாங்கல் விற்றலுக்கு 2023 ஜூலையிலிருந்து புதிய கட்டண விகிதம் இருக்கிறது. முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு, அடுத்த 7,000,000க்கு 1 விழுக்காடு. 400,000 வெள்ளி வீட்டுக்கு முன்பு 4,000 வந்தது, இப்போது 5,000. 700,000 வெள்ளி வீடு என்றால் 6,250ம் 2,000ம் சேர்த்து 8,250. இது சட்டம் போட்ட விகிதம் என்று அட்டவணையைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சொந்தக்காரரிடம் காசு கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இதைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவி இருவரும் ஒத்துக்கொண்டு போடும் கூட்டு மனுவும் இதே வகைதான். பிள்ளைகள், ஜீவனாம்சம், வீடு எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்தால் ஒரே தொகை சொல்லி, பாதியை முதல் நாளே வாங்கிவிடலாம். ஒருவர் மட்டும் கேட்கும் விவாகரத்துக்கு அப்படி ஒரே தொகை சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் முதலில் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும், அப்புறம் மனு, சம்மன் கொடுப்பது, இடைக்கால ஜீவனாம்ச விண்ணப்பம், விசாரணை என்று நீண்டுகொண்டே போகும். 'மொத்தமா எவ்வளவும்மா ஆகும்?' என்று கேட்கும்போது வாயில் வந்த ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் இரண்டு வருடம் கழித்தும் அதே தொகைக்குத்தான் கோலாலம்பூர் ஜாலான் டூத்தா கோர்ட்டோ பினாங்கு லெபோ லைட் கோர்ட்டோ ஏறி இறங்க வேண்டியிருக்கும். கட்டம் கட்டமாக எழுதுங்கள், ஒரு கட்டத்துக்குப் பணம் வந்த பிறகுதான் அடுத்தது. கோர்ட் வேலைக்கு 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 116வது பிரிவில் கட்டண ஒப்பந்தம் எழுதிக்கொள்ள இடமிருக்கிறது, க்ளையண்ட் கையெழுத்து வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தி வையுங்கள்.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கு இலவசமாகச் செய்ய ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அது இலவசம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இலவசமும் இல்லை, பில்லும் இல்லை என்று நடுவில் தொங்குகிற ஃபைல்தான் ஆபீஸைச் சாப்பிடும்.

செந்தூல்_இளசு

அக்கா, எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். இந்தக் காலத்தில் டிக்டாக் இல்லாமல் எப்படி வளர முடியும்? அப்புறம் ஆக்சிடென்ட் கேஸ் கொண்டுவர ஆள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி, டோ டிரக், ஒர்க்‌ஷாப் என்று எல்லா இடத்திலும் தெரிந்தவர்கள். கேஸ் ஜெயித்தால் அவர்களுக்கு ஒரு பங்கு, நமக்கு இத்தனை விழுக்காடு என்று பேசிக்கொண்டால் க்ளையண்டும் முன்பணம் கட்ட வேண்டாம். நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி

தம்பி, நிறைய பேர் செய்கிறார்கள் என்பது வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்தின் முன்னால் நின்று சொல்கிற பதில் இல்லை. ஜெயித்தால் இத்தனை விழுக்காடு என்று பேசுவதை மேலே சொன்ன 1976 சட்டத்தின் 112வது பிரிவு தடுக்கிறது. வழக்கறிஞர் அல்லாதவருடன் ஃபீஸைப் பங்கு போடுவதும் தப்பு. கேஸ் பிடித்துத் தரும் தரகரை வைத்து வளர்ந்த ஆபீஸில் க்ளையண்ட் யார் கையில்? தரகர் கையில். நாளைக்கு அவர் எதிர்க் கடைக்குப் போனால் மொத்தமும் போகும்.

வீடியோ போடலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2001ஆம் ஆண்டின் விளம்பர விதிகளைப் படித்துவிட்டுப் போடுங்கள். உயில் இல்லாமல் இறந்தால் என்ன ஆகும், வாடகைக்காரர் போகமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று தமிழில் பொறுமையாக விளக்குங்கள், ஆள் தானாக வரும். நான்தான் நம்பர் ஒன் என்று பாட்டு வைத்துப் போடாதீர்கள்.

ஆக்சிடென்ட் கேஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண வழக்குக்கு ஆறு வருடம் காலவரம்பு, சரி. ஆனால் ஆள் இறந்து குடும்பம் கேட்கும் வழக்குக்கு மூன்று வருடம்தான், எதிராளி அரசாங்க வாகனம் என்றாலும் 36 மாதம்தான். எதையும் விடாமல் எடுக்கும் ஆபீஸில் இந்தத் தேதி ஒன்று தவறினால் உங்கள் தொழில் தவறுக்கான இன்சூரன்ஸ் கிளெய்ம் வரைக்கும் போகும். அதனால்தான் கேட்கிறேன் தங்கச்சி, ஆக்சிடென்ட் கேஸ் வருடத்துக்கு நாலைந்துதான் வருகிறது என்றால் அதையே நாள் முழுக்கச் செய்கிற ஒருவருக்கு அனுப்பிவிடக் கூடாதா?

கணக்குப்பிள்ளை_கே.எல்.

நான் லோயர் இல்லை, லோயர் ஆபீஸ்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். மேடம் ஒன்று சொல்லவில்லை, நானே கேட்கிறேன். பேங்க் ஆப்பைத் திறந்தால் க்ளையண்ட் அக்கவுண்டில், அதாவது க்ளையண்ட் காசைத் தனியாக வைக்கும் கணக்கில், எவ்வளவு தெரிகிறது? வீடு வாங்கல் விற்றல் செய்யும் ஆபீஸில் அங்கே லட்சக்கணக்கில் நிற்கும். வாங்குபவர் கட்டிய முன்பணம், சொத்து லாப வரிக்காகப் பிடித்து வைக்கும் 3 விழுக்காடு, முத்திரை வரிக்குக் கொடுத்த காசு, இதெல்லாம் உங்களுடையது இல்லை. ஆனால் தினமும் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து மனசு அதைத் தன்னுடையது என்று நம்ப ஆரம்பிக்கும். பெயர் கெட்டுப்போன ஆபீஸ்களில் பாதி இப்படித்தான் தொடங்கியிருக்கும், சம்பளத்துக்கு ஒரு வாரம் மட்டும் கைமாற்று எடுத்து.

1990ஆம் ஆண்டு கணக்கு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பில்லோ எழுத்தில் அறிவிப்போ க்ளையண்டுக்குப் போன பிறகுதான் ஃபீஸை ஆபீஸ் அக்கவுண்டுக்கு மாற்றலாம். இங்கே ஒரு வேடிக்கை, பல ஆபீஸ்களில் ஃபீஸ் க்ளையண்ட் அக்கவுண்டிலேயே வந்து உட்கார்ந்திருக்கும், பில் போட யாருக்கும் நேரமில்லை என்பதால் எடுக்க முடியாமல் கிடக்கும். முடிந்த ஃபைல்களை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள் மேடம், உங்கள் ஐம்பதாயிரத்தில் ஒரு பகுதி அங்கேயே இருக்கலாம். மாதாமாதம் ஒவ்வொரு ஃபைலின் மீதியையும் பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்த்துவிட்டால் வருடக் கடைசியில் ஆடிட்டர் அறிக்கைக்கு ஓட வேண்டாம், அது இல்லாமல் சிஜில் அன்னுவல் (லோயரின் வருடாந்தரச் சான்றிதழ்) கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

வளர்வது பற்றி ஒன்று. பன்னிரண்டு மாத வருமானம் 500,000 வெள்ளியைத் தாண்டினால் சேவை வரிக்குப் பதிய வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. 480,000இல் இருப்பவர் ஒரு பெரிய ஃபைல் வந்ததும் கவனிக்காமல் தாண்டிவிடுவார், அப்புறம் வசூலிக்காத வரியைத் தன் பாக்கெட்டிலிருந்து கட்டுவார். புது ஆளைச் சேர்த்தால் சம்பளத்தோடு கணக்கு முடியாது, 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் இ.பி.எஃப். (சேமநிதி) முதலாளி பங்கு 13 விழுக்காடு, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) தனி.

பார்ட்னர்ஷிப் போடுவதாக இருந்தால் தோழியின் க்ளையண்ட் அக்கவுண்ட் கணக்கைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவர் என்றால் அதுவே பதில். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 1961 பார்ட்னர்ஷிப் சட்டப்படி லாபமும் நஷ்டமும் சரிபாதி, நீங்கள் இருபது ஃபைல் முடித்து அவர் ஐந்து முடித்தாலும் சரிபாதிதான். ஒருவர் இறந்தால், வேறு மாதிரி எழுதி வைக்காவிட்டால், பார்ட்னர்ஷிப்பே கலைந்துபோகும்.

பழைய_கிராணி

மிஸ், நான் ஜார்ஜ்டவுனில் ரொம்ப வருஷமாக கன்வேயன்சிங் (சொத்து வாங்கல் விற்றல்) கிராணி. பெரியவங்க சட்டம் எல்லாம் சொல்லிட்டாங்க, நான் கவுண்டர் பக்கத்துக் கதை சொல்றேன்.

க்ளையண்ட் கேஸ் தோற்றதுக்காக ஓடுவது குறைவு. போன் எடுக்காததுக்காகத்தான் ஓடுவார்கள். எங்கள் ஆபீஸில் காலையில் கதவைத் திறந்ததும் ஒரு ஆன்ட்டி போன் பண்ணுவார், 'மா, என் வீட்டு கிராண்ட் (பட்டா) என்னாச்சு?' நிலம் குத்தகை நிலம், பெயர் மாற்ற மாநில அரசின் அனுமதி வர வேண்டும், அது மாதக்கணக்காகும். அவருக்கு அதை முதல் நாளே யாரும் சொல்லவில்லை, அதனால் நாங்கள் தூங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது கையெழுத்துப் போடும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம், இன்றைக்கு இது, முப்பது நாளுக்குள் முத்திரை, அறுபது நாளுக்குள் வரி ஆபீஸ், அனுமதிக்குக் காத்திருக்கும் காலம், பேங்க் பணம் விடும் நேரம் என்று. தமிழில்தான். ஆன்ட்டி அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு கிராணி உட்கார்ந்து, அந்த வாரம் எதுவும் நகராத ஃபைல்களுக்கு மட்டும் ஒரு வரி வாட்ஸ்அப் அனுப்புவார், 'இன்னும் அனுமதி வரவில்லை' என்று. நகராத ஃபைலுக்குச் செய்தி போவதுதான் முக்கியம், நகர்ந்த ஃபைல்காரருக்கு எப்படியும் தெரியும்.

அதே மெசேஜில் பாக்கி ஃபீஸையும் போடலாம். லோயர் கேட்டால்தான் கூச்சம், கிராணி கேட்டால் ஒன்றும் தெரியாது மிஸ். கூச்சமில்லாத கிராணியைத் தேர்ந்தெடுங்கள், அவருக்குச் சம்பளத்தை நேரத்துக்குக் கொடுங்கள், அவரை விட்டுவிடாதீர்கள். ஒரு நல்ல கிராணி போனால் ஃபைல் எங்கே இருக்கிறது என்பதே ஆறு மாதம் தெரியாது.

பட்டர்வொர்த்காரி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளை சார் சொன்னதைக் கேட்டு இன்றைக்கே முடிந்த ஃபைல்களை எடுத்தேன். பில் போடாமல் கிடப்பது நான் நினைத்ததைவிட அதிகம், அதைச் சொல்லவே வேண்டாம். ஆக்சிடென்ட் ஃபைல்களை சுங்கை பட்டாணியில் தெரிந்த ஒருவருக்கு அனுப்பலாம் என்று பேச்சு நடக்கிறது. தோழியிடம் இப்போதைக்கு பார்ட்னர்ஷிப் வேண்டாம், கோலாலம்பூர் கோர்ட்டில் என் ஃபைல் வந்தால் நீ போய் நில், இங்கே வந்தால் நான் உனக்காக நிற்கிறேன், அதற்கு ஃபீஸ் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் அதுவே சௌகரியமாம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஒரு மாமா, சொந்தம்தான், நிலத் தகராறில் வேலை முடிந்து வருடம் ஆகிறது, கல்யாண வீட்டில் பார்த்தால் சிரிக்கிறார், ஃபீஸ் பேச்சு இல்லை. அவர் மேல் வழக்கே போடலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி

போடலாம், ஆனால் உடனே இல்லை. கையெழுத்துப் போட்ட பில்லை முறையாகக் கொடுத்து ஒரு மாதம் கழிந்த பிறகுதான், 1976 சட்டத்தின் 124வது பிரிவைப் பாருங்கள், அதற்கு முன் என்றால் கோர்ட் அனுமதி வேண்டும். கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர்ட் தபாலில் அனுப்புங்கள். பில்லே போகாமல்தான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். நூற்றுக்குத் தொண்ணூறு மாமாக்கள் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்ட அன்றே அத்தையைப் போன் பண்ணச் சொல்வார்கள், தவணை கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் தவணையையும் எழுதி வாங்குங்கள்.