2027 வரை இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் கிளெய்ம் கிடையாது என்கிறார்கள்

கோவைக்காரன்:
2024 ஜூலையில் புது கார் எடுத்தேன். ஷோரூமிலேயே ஃபுல் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். எம்பரிவாகன் செயலியில் 2027 ஜூலை வரை என்று காட்டுகிறது. போன வாரம் மழையில் தூங்குமூஞ்சி மரக்கிளை முறிந்து விழுந்து பானெட், முன் கண்ணாடி, பம்பர் எல்லாம் போச்சு. கிளெய்ம் கேட்டால், "உங்களிடம் தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருக்கிறது" என்கிறார்கள். எப்படி?

பழைய அம்பாசடர்:
தம்பி, பாலிசி தாளை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு தேதி இருக்கும். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் 1 முதல் புது காருக்கு தேர்டு பார்ட்டி 3 வருடம் கட்டாயம். உங்கள் வண்டிக்கு வரும் சேதத்தைப் பார்க்கிற ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போடுவார்கள். செயலி காட்டுவது தேர்டு பார்ட்டி தேதி. போலீஸ் பிடித்தால் அது போதும், மரம் விழுந்தால் போதாது.

கோவைக்காரன்:
பார்த்துவிட்டேன் ஐயா. ஓன் டேமேஜ் 2025 ஜூலை 28-லேயே முடிந்திருக்கிறது. அப்படியானால் தேர்டு பார்ட்டியால் எனக்கு என்னதான் பயன்?

பழைய அம்பாசடர்:
நீங்கள் ஒருவரை இடித்துவிட்டால் அவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டை அது கட்டும். உயிர், காயம் என்றால் உச்சவரம்பு இல்லை. அடுத்தவர் வண்டி, சுவர் போன்ற பொருளுக்கு 7.5 லட்சம் வரை. உங்கள் பானெட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

ரிங்ரோடு ராஜா:
இன்றே ஓன் டேமேஜ் போட்டுவிட்டு அடுத்த வாரம் கிளெய்ம் செய்யுங்கள் பாஸ் 😀

பட்டறை அண்ணன்:
அந்த யோசனையே வேண்டாம். விட்டுப்போன பாலிசி என்றால் வண்டியைச் சுற்றிப் படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் போடுவார்கள். நொறுங்கிய பானெட் அதில் பதிவாகிவிடும். கைக்காசில் சரி செய்துவிட்டு ஓன் டேமேஜ் மட்டும் தனியாக வாங்குங்கள். 2019 செப்டம்பரிலிருந்து அப்படி வாங்கலாம், வேறு கம்பெனியிலும் கிடைக்கும். முடிந்து 90 நாளுக்குள் எடுத்தால், கிளெய்ம் கேட்காத வருடத்துக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான 20 சதவீத நோ கிளெய்ம் போனஸ் கையில் நிற்கும். அக்டோபர் 25 தாண்ட விடாதீர்கள்.

அப்புறம், நாம் பம்பர் டு பம்பர் என்கிறோமே, பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் அந்த ஜீரோ டெப்ரிசியேஷனையும் சேர்த்துப் போடுங்கள். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்குப் பாதி விலைதான் தருவார்கள். உங்கள் வண்டி வயசுக்கு இரும்பு பாகத்தில் 10 சதவீதம் பிடிப்பார்கள். கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. எது எப்படியோ, 1500 சிசி வரை உள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் முதல் 1,000 ரூபாய் உங்களுடையது.

வேளச்சேரி:
எங்கள் பக்கம் போல தண்ணீர் நிற்கிற இடமா? என்ஜின் புரொடெக்டும் கேளுங்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், அது இல்லாமல் பணம் வாங்குவது பெரும் பாடு.

கோவைக்காரன்:
நன்றி. நாளை பட்டறைக்குப் போகிறேன். ஒரு விஷயம்: புதுப்பிக்கச் சொல்லி வந்த எஸ்எம்எஸ் எல்லாம் ஷோரூம்காரர் எழுதிக் கொடுத்த ஏதோ ஒரு எண்ணுக்குப் போயிருக்கிறது. எண்ணை இன்றுதான் மாற்றினேன்.